நீதிக்கு வண்டிச்சத்தம் யார் தருவது?

தோழரே!

நீதிதேவதையை வடித்த சிற்பி கெட்டிக்காரன். கண்ணைக் கட்டினான், ஆள் பார்த்து அளக்கக்கூடாது என்பதற்காக. ஒரு கையிலே தராசு கொடுத்தான், கூடாமலும் குறையாமலும் நிறுக்க வேண்டும் என்பதற்காக. மற்றொரு கையிலே வாள் கொடுத்தான், சொன்ன தீர்ப்பு செல்லாக்காசு ஆகிவிடக்கூடாது என்பதற்காக. எல்லாம் கொடுத்தவன் ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். இடுப்பிலே ஒரு பணப்பை!

நின்ற இடத்திலேயே அவள் நிற்கும் வரையில், பை இல்லாத குறை வெளியே தெரிவதில்லை. “இந்த ஊரிலே எனக்கு நியாயம் கிடைக்காது, வழக்கை வேறோர் ஊருக்கு மாற்றுங்கள்” என்று கூண்டிலே நிற்பவன் கேட்கிறான். “அவன் கேட்பது முறைதான்” என்று நீதிபதியும் ஒப்புகிறார். நீதிதேவதை மூட்டை முடிச்சுடன் வண்டியேறுகிறாள். அப்போதுதான் வண்டிக்காரன் கையை நீட்டுகிறான்: “அம்மா, வண்டிச்சத்தம்?”

யார் கொடுப்பது?

புறப்பட்ட ஊரா? போய்ச் சேரும் ஊரா? இரண்டு ஊர்களையும் ஆளும் அரசா? இடமாற்றம் கேட்டவனா? அல்லது, எந்தக் கணக்கு ஏட்டிலும் பெயர் ஏறாமல், கைப்பொருளைச் செலவழித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவரும் சாட்சியா? மகனைப் பறிகொடுத்த தாயா?

கணக்கப்பிள்ளை பார்க்க வேண்டிய சில்லறைச் செலவு என்று இதனைத் தள்ளிவிடாதீர், தோழரே! நீதிக்கான செலவை எவன் தலையிலே கட்டுகிறார்கள் என்று பார்த்தால், அந்த நாட்டிலே நீதியை எப்படி மதிக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

கடல் கடந்து அமெரிக்காவுக்குச் செல்வோம். இந்தக் கேள்வி அங்கேதான் கூர்மையாக எழுந்து நிற்கிறது.

அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் பல கவுண்டிகள் இருக்கின்றன. நம் மாவட்டம் போன்றது கவுண்டி. ஆனால் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நம் மாவட்டம் மாநில அரசின் கை. கைக்குத் தனிப்பை இல்லை. அங்கே கவுண்டிக்குத் தனிப்பை உண்டு. தானே சொத்து வரி விதிக்கும், தானே சிறை வைக்கும், குற்ற வழக்கை நடத்தும் வழக்கறிஞரையும் ஷெரீப்பையும் பெரும்பாலான மாநிலங்களில் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். ஜூரர்களாக அமர்வோரும் ஊர் மக்களே. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனைக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ சொல்ல வேண்டியவர்கள், பக்கத்துத் தெருக்காரர்களும் எதிர்க்கடைக்காரர்களுமாகிய பன்னிருவர்.

ஊரார் தீர்ப்பு என்பது உயர்ந்த தத்துவம். ஆனால், ஊரே கொதித்துக்கொண்டிருக்கும் வேளையில்? விசாரணைக்கு முன்பே வீதியிலே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டால்?

இண்டியானா மாநிலத்திலே எவான்ஸ்வில் நகரை ஒட்டி 1954 டிசம்பர் முதல் 1955 மார்ச் வரை ஆறு கொலைகள் நடந்தன. லெஸ்லி இர்வின் என்பவர் கைது செய்யப்பட்டார். அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற செய்தி ஊரெங்கும் பரப்பப்பட்டது. வழக்கை இடம் மாற்றினார்கள். எங்கே? அடுத்த கவுண்டிக்கு! அடுப்பிலிருந்து இறக்கி, அடுப்பங்கரையிலேயே வைத்த கதை. ஜூரர் தேர்வுக்காக 430 பேர் விசாரிக்கப்பட்டனர். ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர், அவர் குற்றவாளிதான் என்ற எண்ணத்தை ஏதோ ஓர் அளவில் கொண்டிருந்தனர். இறுதியிலே அமர்ந்த பன்னிருவரில் எண்மர் அவ்விதமே கருதியவர்கள். இன்னுமொரு முறை மாற்றுங்கள் என்று கேட்டபோது, ஒரு முறைக்கு மேல் மாற்ற மாநிலச் சட்டம் இடந்தரவில்லை என்றனர். 1961 ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உடைத்தெறிந்தது. மறுவிசாரணையிலும் இர்வின் குற்றவாளியென்றே தீர்மானிக்கப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றார் என்பது வேறு. குற்றவாளிக்கும் உண்டு நேரிய விசாரணைக்கான உரிமை என்பதன்றோ அதிலே அடங்கியிருக்கும் அறம்!

1971 ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநில வழக்கொன்று வந்தது. பெரிய குற்றமானால் இடம் மாற்றலாம், சிறு குற்றமானால் மாற்ற முடியாது என்றது அம்மாநிலச் சட்டம். சின்ன வழக்குக்கு வண்டியா என்று கேட்டதற்கு ஒப்பானது அது. செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். குற்றம் சிறிது என்பதற்காக நியாயமும் சிறிதாகிவிடாதல்லவா!

ஆக, இடமாற்றம் சலுகையன்று. நேர்மையான விசாரணை கிடைக்க வேறு வழியில்லாத இடத்தில், அது உரிமை. உரிமை என்று ஒப்புக்கொண்ட மறுகணமே எழுகிறது, செலவு யாருடையது என்ற கேள்வி.

இந்தக் கேள்வி, அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு முன்பே அந்த மண்ணிலே பிறந்துவிட்டது! 1774 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கென ஒரு சட்டம் செய்தது. கலகத்தை அடக்கும்போது கொலை செய்ததாக அரசு அதிகாரிகள் மீது வழக்கு வந்தால், விசாரணையை வேறு குடியேற்றத்துக்கோ, கடல் கடந்து பிரிட்டனுக்கோ கவர்னர் மாற்றலாம் என்றது அச்சட்டம். சாட்சிகளுக்கு? பயணச்செலவு தருவோம் என்றார்கள். ஆனால், கப்பலிலே போய், காத்திருந்து, சாட்சி சொல்லி, மறுபடியும் கப்பலேறித் திரும்பும் வரையில் அவன் இழக்கும் கூலி? அதற்குச் சல்லிக்காசும் இல்லை!

புரிகிறதா, தோழரே, சூழ்ச்சி? வராதே என்று சாட்சியைத் தடுக்கவில்லை. வந்தால் உன் பிள்ளைகள் பட்டினி என்றார்கள். அதனாலேதான் அந்தச் சட்டத்துக்குக் ‘கொலைச் சட்டம்’ என்றே குடியேற்ற மக்கள் பெயரிட்டனர். இரண்டே ஆண்டுகள்! 1776இல் சுதந்திரப் பிரகடனம் எழுதியபோது, விசாரணைக்காகக் கடல் கடந்து இழுத்துச் செல்வதையும் மன்னன் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். வழக்கை இடம் மாற்றுவது நீதிக்கு வழியாகவும் இருக்கலாம், அநீதிக்குக் கருவியாகவும் ஆகலாம். எது எது என்பதைக் காட்டிக்கொடுப்பது, செலவை யார் மீது சுமத்துகிறார்கள் என்ற கணக்கே!

இன்று அங்கே என்ன விதி? கலிபோர்னியாவைப் பாருங்கள். வழக்கு ஒரு கவுண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், விசாரணைச் செலவு, கைதியைக் காக்கும் செலவு, கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவு ஆகியவற்றை, வழக்கு தோன்றிய இடத்தின் நீதிமன்றமோ கவுண்டியோ ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அங்குள்ள தண்டனைச் சட்டத் தொகுப்பு. டெக்சாஸிலும் ஜூரர்களுக்கான படி, குற்றச்சாட்டு பதிவான கவுண்டியின் தலையில்தான்.

நாடக மேடையிலே இரண்டு கணக்கர்களை நிறுத்திப் பார்ப்போமா? இது என் கற்பனை.

“ஐயா, உங்கள் ஊர்க் கொலை வழக்கு எங்கள் ஊருக்கு வந்து மூன்று மாதம் தங்கிற்று. இதோ செலவுச் சீட்டு.”

“நாங்களா அனுப்பினோம்? நீதிபதி அனுப்பினார்.”

“நாங்களா அழைத்தோம்? எங்கள் ஊரில் எவனும் கொலை செய்யவுமில்லை, கொலையுண்டு போகவுமில்லை. எங்கள் மக்கள் வேலையை விட்டு ஜூரர்களாக அமர்ந்தார்கள். எங்கள் காவலர்கள் இரவும் பகலும் காத்தார்கள். பணமும் நாங்களே தர வேண்டுமா?”

விருந்துக்கு இடங்கொடுத்தவன் மீது விருந்துச் செலவையும் சுமத்துவது முறையாகாது. ஆதலால், இவ்விருவருக்குள்ளே பார்த்தால், அனுப்பிய ஊர் தருவதுதான் நியாயம். இதனை நான் மறுக்கவில்லை. நான் கேட்பதெல்லாம், மேடையிலே ஏன் இருவர் மட்டும் நிற்கிறார்கள் என்பதுதான். மூன்றாமவர் எங்கே? அதிகாரம் முழுவதும் படைத்த அந்த மாநில அரசு, எந்தத் திரைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறது?

டெக்சாஸ் மாநிலத்திலே ஜாஸ்பர் என்றொரு கவுண்டி. மக்கள்தொகை ஏறத்தாழ 35,000. 1998 ஜூன் 7ஆம் நாள் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை, நிறவெறி பிடித்த வெள்ளையர் மூவர், வண்டியின் பின்னே சங்கிலியால் பிணைத்துச் சாலையிலே இழுத்துச் சென்று கொன்றனர். உலகமே உறைந்து நின்றது. மூவர் மீதும் தனித்தனியே வழக்கு. இரண்டு விசாரணைகள் ஜாஸ்பரிலேயே நடந்தன. ஒன்று 1999இல் பிராசோஸ் கவுண்டியின் பிரையன் நகருக்கு மாற்றப்பட்டது. இருவருக்கு மரண தண்டனை. ஒருவருக்கு ஆயுள் தண்டனை.

செலவு? பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அந்தச் சின்னஞ்சிறு கவுண்டியின் வரவு செலவுத் திட்டத்தை அதைவிட அதிகமாக உலுக்கியது, 1970களின் இறுதியிலே சாலைகளையும் பாலங்களையும் அடித்துச்சென்ற பெருவெள்ளம் ஒன்றே என்று பேசப்பட்டது. இரண்டாண்டுகளில் சொத்து வரியை 6.7 சதவிகிதம் உயர்த்தித்தான் ஈடுகட்டினர்.

எண்ணிப் பாருங்கள், தோழரே! சங்கிலியைப் பூட்டியவர்கள் மூவர். வரி கட்டியவர்களோ ஊரார் அனைவரும். அவர்களில் வெள்ளையரும் உண்டு, கறுப்பரும் உண்டு. மடிந்தவனுக்காக அழுத அதே தெரு, மடித்தவனுக்குச் சோறு போட்டுக் காவல் வைத்து விசாரிக்கவும் வரி கட்டிற்று! மூன்று வழக்குகளின் செலவு அது. இடமாற்றத்தால் மட்டும் ஏறியதன்று. ஆனால், ஒரு கொலை வழக்கு ஓர் ஏழைக் கவுண்டியை என்ன பாடு படுத்தும் என்பதற்கு அளவுகோல் அது. அந்தச் சுமையின் மேல், பயணம், தங்குமிடம், வெளியூர்க் காவல் என்று இடமாற்றத்தின் மூட்டையையும் வைத்தால், முதுகு முறியாதா?

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். வழக்கு எவர் பெயரால் நடக்கிறது? ‘டெக்சாஸ் மாநிலம் எதிர் இன்னார்.’ கலிபோர்னியாவிலே, ‘கலிபோர்னியா மாநில மக்கள் எதிர் இன்னார்.’ பெயர்ப்பலகையிலே மாநிலம், பில்லிலே கவுண்டி! சட்டம் இயற்றியது மாநிலம். இன்ன குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று வகுத்தது மாநிலம். “எங்கள் மாநிலத்தின் அமைதியைக் குலைத்தான்” என்று முழங்குவதும் மாநிலம். பணம் கேட்கும்போது மட்டும், “அது அந்த ஊர்க்காரர்கள் விவகாரம்” என்பதா? மாலைக்குக் கழுத்தை நீட்டிவிட்டு மளிகைக்கடைப் பாக்கிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாப்பிள்ளையை நாம் கண்டதில்லையா!

இதை உணராதவர்களல்லர் கலிபோர்னியர். கொலை வழக்குகளின் செலவு ஒரு கவுண்டியின் நிதிநிலையைச் சிதைக்கும் அளவுக்குப் போனால், ஓர் எல்லைக்கு மேல் மாநிலம் கைகொடுக்கலாம் என்று அங்கே சட்டமே உண்டு. நீதி பரிபாலனம் மாநிலம் முழுவதற்கும் உரிய அக்கறை, பணமில்லை என்பதற்காகக் கொலை விசாரணை தடைப்படக்கூடாது என்று அச்சட்டம் பறைசாற்றுகிறது. கலவெராஸ் என்ற மலைநாட்டுக் கவுண்டியிலே பல கொலைகள் புரிந்ததாகச் சார்லஸ் இங் என்பவர் மீது வந்த வழக்கு, தெற்கே நெடுந்தொலைவிலுள்ள ஆரஞ்சு கவுண்டிக்கு மாற்றப்பட்டது. 1999இல் 11 கொலைகளுக்காக அவர் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டார். கலவெராஸ் தாங்கக்கூடிய செலவா அது? மாநிலமே தோள்கொடுக்க வேண்டி வந்தது. முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ! விதிவிலக்காகச் செய்ததை விதியாக்குங்கள் என்பதே நம் வாதம்.

“சரி, செலவைக் குறைத்துக்கொண்டால் போகிறது. பக்கத்து ஊருக்கே மாற்றலாமே” என்பர் சிக்கன சிகாமணிகள். சிக்கனம் நல்லதுதான். ஆனால், நீதியிலே சிக்கனம் பிடித்தால் என்ன விளையும் என்பதைக் கேளுங்கள்.

1991 மார்ச் 3ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரை வெள்ளைக் காவலர்கள் தடிகொண்டு தாக்கினர். ஒருவர் அதைப் படம்பிடித்தார். நாடே பார்த்தது. நான்கு காவலர்கள் மீது வழக்கு. ஊர் கொந்தளிக்கிறது, இங்கே வேண்டாம் என்று நீதிமன்றம் சொல்லிற்று. எங்கே மாற்றுவது? அருகில் இருக்கிறது, வந்துபோக வசதி என்பதும் ஒரு காரணமாகக் கொள்ளப்பட்டு, பக்கத்து வெஞ்சுரா கவுண்டியின் சிமி வேலி தேர்ந்தெடுக்கப்பட்டது. கறுப்பின மக்கள் மிகக் குறைவாகவே வாழும் புறநகர்ப் பகுதி அது. 1992 ஏப்ரல் 29ஆம் நாள், ஒருவர் மீதான ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரர்கள் உடன்பாடு காணவில்லை. மற்றவை அனைத்திலும் விடுதலை!

அன்று மாலையே லாஸ் ஏஞ்சல்ஸ் எரியத் தொடங்கிற்று. 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ நூறு கோடி டாலர் மதிப்புள்ள உடைமை நாசமாயிற்று. இடமாற்றம் ஒன்றே அத்தனைக்கும் காரணம் என்று கூறும் அவசரக்காரனல்லன் நான். தலைமுறை தலைமுறையாகக் குமுறிய எரிமலை அது. ஆயினும், ஒன்று கேட்கிறேன். அருகாமையும் வசதியும் பார்த்துப் பொறுக்கிய அந்த மேடையினால் மிச்சமானது எவ்வளவு? மக்களின் நம்பிக்கை என்ற மூலதனத்தில் கரைந்தது எவ்வளவு? 1993இல் கூட்டாட்சி அரசு தனி வழக்குத் தொடர்ந்த பிறகே அந்நால்வரில் இருவர் தண்டிக்கப்பட்டனர். 1994இல், கிங் தொடுத்த உரிமையியல் வழக்கில், நகராட்சி அவருக்கு 38 லட்சம் டாலர் தரவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மலிவு என்று வாங்கிய துணி முதல் வெளுப்பிலேயே கிழிந்தது!

இதுவரை நாம் பேசியது, கருவூலங்களின் கணக்கு. கணக்கிலே வராத கணக்கும் ஒன்று உண்டு, தோழரே!

1995 ஏப்ரல் 19ஆம் நாள் ஓக்லஹோமா நகரிலே கூட்டாட்சிக் கட்டிடம் வெடிகுண்டால் தகர்க்கப்பட்டது. 168 உயிர்கள்; அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். 1996இல் நீதிபதி ரிச்சர்டு மேட்ச் அவ்வழக்கை கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்கு மாற்றினார். நெடுஞ்சாலை வழியே 600 மைலுக்கு மேல். கூட்டாட்சி வழக்காதலால் கவுண்டிப் பிணக்கு எழவில்லை, பொக்கிஷம் பெரியது. ஆனால், பிள்ளையை இழந்தவள் விசாரணையைக் காண வேண்டாமா? மாதக்கணக்கில் வெளியூரிலே தங்க அவளுக்கு எந்தப் பொக்கிஷம் திறக்கும்? இந்தக் குரல் காங்கிரஸ் சபையை எட்டிற்று. விசாரணை வேறு மாநிலத்துக்கு, 350 மைலுக்கு அப்பால் மாற்றப்பட்டால், பாதிக்கப்பட்டோர் தம் ஊரிலேயே கண்டறிய, மூடிய வட்டத் தொலைக்காட்சி வழியே காட்ட வேண்டும் என்று 1996இல் சட்டம் செய்தனர். வண்டியிலே இடமில்லாதவளுக்குச் சாளரமாவது கிடைத்தது!

அவளுக்காகப் பேச அங்கே ஒரு நாடே திரண்டது. ஆனால், செய்தித்தாளில் இடம்பெறாத சின்ன வழக்கின் சாட்சிக்கு யார் திரள்வார்? நாட்கூலிக்காரன் அவன். கடையிலே நின்றால்தான் காசு. 300 மைல் அப்பால் வா என்று ஓலை வருகிறது. பேருந்துச் சத்தம் தருவார்கள். இழந்த கூலியை யார் தருவது? 1774 ஆம் ஆண்டின் அதே கேள்வி! மன்னன் போனான், கேள்வி போகவில்லை!

“எங்கோ இருக்கும் அமெரிக்காவின் கவுண்டிக் கணக்கு நமக்கெதற்கு?” என்று கேட்பீரானால், நம் வீட்டு வழக்கு ஒன்றே இந்தப் பாதையிலே நடந்திருக்கிறது என்பதை நினைவூட்டுவேன். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போன வழக்கு! 1991 முதல் 1996 வரை முதலமைச்சராக இருந்த செல்வி ஜெயலலிதா, வருமானத்துக்கு மீறிச் சொத்துச் சேர்த்தார் என்ற வழக்கு. 2001இல் அவரே மீண்டும் ஆட்சிக்கு வந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் கோட்டையிலே. குற்றம் சாட்டும் அரசுத் தரப்பு அவர் ஆட்சியிலே! முன்பு சாட்சி சொன்ன 76 பேர் மீண்டும் அழைக்கப்பட, 64 பேர் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கினர். கழகப் பொதுச்செயலாளராக இருந்த பேராசிரியர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2003 நவம்பர் 18ஆம் நாள், வழக்கு கர்நாடகத்துக்கு மாறிற்று.

வண்டிச்சத்தம்? அந்த ஆணையிலேயே வழி சொல்லப்பட்டது. அரசு வழக்கறிஞருக்கும் அவருடைய உதவியாளருக்குமான கட்டணத்தையும் செலவையும் கர்நாடகம் முதலில் தரட்டும். பின்னர்த் தமிழகத்திடமிருந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று. அங்கேயும் அதே விதி: வழக்குப் பிறந்த வீடே தர வேண்டும். ஆனால் ஒரு வேற்றுமை. இங்கே தந்தது ஜாஸ்பர் போன்ற ஏழைக் கவுண்டியன்று. கோடிகளிலே வரவு செலவு காணும் ஒரு மாநிலம். ஆகவேதான் செலவுக்கு அஞ்சி எவரும் வழக்கைக் கைவிடவில்லை.

2014 செப்டம்பர் 27ஆம் நாள் தனி நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா தீர்ப்பளித்தார். நான்காண்டு சிறை, முதல் எதிரிக்கு 100 கோடி ரூபாய் அபராதம். அபராதத் தொகையிலிருந்து 5 கோடி ரூபாயை, விசாரணையை நடத்திய செலவுக்காகக் கர்நாடக அரசுக்கு வழங்க வேண்டும் என்றும் எழுதினார். 2015இல் உயர் நீதிமன்றம் நால்வரையும் விடுவித்தது. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தார். 2017 பிப்ரவரி 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மறைந்தவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போயிற்று என்று கூறி, மற்ற மூவரின் தண்டனையை மீண்டும் நிலைநாட்டிற்று.

குற்றவாளியே வண்டிச்சத்தம் தரவேண்டும்! கேட்கவே இனிக்கிறது, இல்லையா? எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால், இனிப்பு என்பதற்காக இதையே பொதுவிதி ஆக்கிவிடாதீர். கோடீசுவரர் வழக்கிலே அபராதம் கொட்டும், கூலிக்காரன் வழக்கிலே? ஜாஸ்பரின் அந்த மூவரிடமிருந்து பத்து லட்சம் டாலரை எந்த ஏலத்திலே எடுப்பது? விடுதலையானவனிடம் செலவு கேட்பதா? நியாயமான விசாரணை வேண்டுமானால் பணம் கட்டு என்று சொன்னால், நியாயம் கடைச்சரக்காகிவிடும். வசதியுள்ளவன் நல்ல ஊராகப் பார்த்து வாங்குவான். இல்லாதவன், அவனைத் தூக்கிலேற்றக் காத்திருக்கும் ஊரிலேயே தலைகுனிந்து நிற்பான். தண்டனையின் பகுதியாகச் செலவை வாங்கலாம், வசதி இருந்தால், தீர்ப்புக்குப் பிறகு. உரிமையின் நுழைவுக் கட்டணமாக ஒருகாலும் வாங்கக்கூடாது!

“மாநிலமே தருவதென்றால், ஊர்க்காரன் தாராளமாகச் செலவழிப்பானே! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்றாகிவிடாதா?” என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்வி. பில்லைச் சரிபார்க்க ஆள் வையுங்கள், அளவு வகுத்துக்கொடுங்கள், வேண்டாத செலவை வெட்டுங்கள். ஆனால், வீண் செலவுக்கு அஞ்சி வேண்டிய செலவையும் ஏழையின் தலையில் கட்டுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும்.

இன்னொன்றையும் எண்ணுங்கள். வழக்கை மாற்றலாமா என்று தீர்மானிக்கும் நீதிபதி அதே ஊரில் இருப்பவர். வழக்கை நடத்துபவர் அந்த ஊர் மக்களின் வாக்கை நம்புபவர். மாற்றினால் ஊருக்கு வரி ஏறும் என்ற எண்ணம் அவர்கள் நெஞ்சின் ஓரத்திலே ஊசிபோல் குத்தாதா? தராசுத் தட்டிலே சான்றுகளை மட்டும் வைக்க வேண்டிய இடத்தில், ஊரின் பற்றாக்குறைப் பட்டியலையும் வைத்து நிறுக்கச் சொல்வதா?

இது பழங்கதையுமன்று. 2022 நவம்பரில் ஐடஹோ மாநிலத்தின் மாஸ்கோ என்ற கல்லூரி நகரிலே மாணவர் நால்வர் கொலையுண்ட வழக்கு, 2024 செப்டம்பரில் லேட்டா கவுண்டியிலிருந்து சுமார் 300 மைல் தொலைவிலுள்ள பாய்சி நகருக்கு மாற்றப்பட்டது. 2025 ஜூலையில் எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றதால், ஜூரர் விசாரணையே நடக்கவில்லை. அந்தச் சிறு கவுண்டியின் நீதிமன்றக் கட்டிடமும் பணியாளர் எண்ணிக்கையும் இவ்வளவு பெரிய விசாரணைக்குப் போதுமா என்ற கவலை, மாற்றத்துக்கான ஆலோசனையிலே இடம்பெற்றது. சிற்றூரில் பெருங்குற்றம் நடக்காது என்று எந்த விதியும் இல்லை. குற்றம் ஊரின் வருமானத்தைப் பார்த்தா வருகிறது?

ஆகவே, தோழரே, நாம் கேட்பது இவைதாம். எவர் பெயரால் வழக்கோ, அவர் பையிலிருந்தே இடமாற்றச் செலவு. மாநிலத்தின் பெயரால் வழக்கென்றால் மாநிலமே தரட்டும். அதுவும், செலவழித்துவிட்டு ஆண்டுக்கணக்கிலே கடிதம் எழுதிக் காத்திருக்கும் முறையில் வேண்டாம், முன்பணமாகவே தரட்டும். சாட்சிக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் பயணச்செலவு மட்டுமன்று, இழந்த கூலியும் முதல் செலவாகக் கருதப்படட்டும். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, மலிவு எங்கே என்பதற்கு முன், நடுநிலை எங்கே என்று பார்க்கட்டும். வழக்கை நகர்த்துவதைவிட ஜூரர்களை நகர்த்துவது எளிதென்றால், 2011இல் புளோரிடாவிலே பினெல்லஸ் கவுண்டியிலிருந்து ஜூரர்களை ஆர்லாண்டோ நகருக்கு அழைத்துவந்து வழக்கு நடத்தினார்களே, அதுபோலச் செய்யட்டும்.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குற்ற வழக்கை மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு. பெயர் பெற்ற வழக்குக்குப் பெரிய வழக்கறிஞர்களும் பொக்கிஷமும் துணைநிற்கும். பெயரற்ற ஏழையின் வழக்கு மாறும்போது, மொழி தெரியாத ஊரிலே, தெரு தெரியாமல் நிற்கும் சாட்சிக்கு யார் துணை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மனுநீதிச் சோழன் கதையை மேடைதோறும் சொல்கிறோம். கன்றை இழந்த பசு, ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்தது. மன்னன் வந்தான், வழக்கைக் கேட்டான், தீர்ப்பின் விலையைத் தானே செலுத்தினான், தன் மகனையே தந்து! அரண்மனைக் கணக்கன் ஓடிவந்து, “பசுவே, கயிறு தேய்ந்த கூலியை வைத்துவிட்டுப் போ” என்று கேட்டதாகக் கதையிலே இல்லை.

செங்கோல் எவன் கையிலோ, செலவும் அவன் கையிலே. அரசு என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அந்தக் கணக்கைத் தீர்க்கட்டும். கயிற்றைப் பிடித்து நிற்கும் ஏழையிடம் கையை நீட்ட வேண்டாம்!